மலையும் மன்னார்ப் பள்ளமும்

பொருளிலக்கணம் கற்பிக்கப் புகுவோர் மாணாக்கர்க்கு முதற்கண் உணர்த்துவது முதற்பொருள். நிலமும் பொழுதுமாகிய இரண்டையுமே தொல்காப்பியர் முதற்பொருள் என்றார். மலை, காடு, வயல், கடல் என நிலத்தையும், கார், கூதிர், மாலை, யாமம் எனப் பொழுதையும் வகுத்துக் கூறிவிட்டு நாம் அடுத்த பாடத்துக்குச் சென்றுவிடுகிறோம். நிலம் நிலைத்து நிற்பது, பொழுதே மாறி வருவது என்னும் எண்ணம் மாணாக்கர் உள்ளத்தில் அவ்வாறே தங்கிவிடுகிறது. ஆயின், நிலமும் பொழுதிற் பிறந்து பொழுதில் மாய்வது என்பதே இக்காலப் புவிச்சரிதவியல் கூறும் உண்மை. அந்தப் பிறப்பிறப்புக் கணக்கு எழுதப்பெற்ற ஏடும் ஒன்று உண்டு. ஆறுகள் கொணர்ந்த மண் அடுக்கடுக்காகப் படிந்து கிடக்கும் பெரும்பள்ளங்களே அவ்வேடு. நூலோர் அவற்றை அடையல் வடிநிலம் என்பர். யான் எளிமை கருதி அடையற் பள்ளம் என்றே வழங்குவேன்.

இதனை ஈண்டு எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் உண்டு. மலையகப் பாடசாலைகளிற் சிலப்பதிகாரம் கற்பிக்கும் ஆசிரியர் எவரும் ஒரு வினாவுக்குத் தப்ப முடியாது. “ஐயா, கடல் கொண்ட குமரிக் கண்டத்தின் மிச்சந்தானா நமது இலங்கை?” என்று கூர்த்த மதியுடைய மாணாக்கர் யாரேனும் கேட்டே தீர்வர். ஆம் எனப் பெருமிதத்துடன் விடை கூறும் ஆசிரியரும் உளர். வெறுங் கட்டுக்கதை என ஒரு சொல்லில் முடிப்பவரும் உளர். இரண்டும் அம்மாணாக்கர்க்குச் செய்யும் நீதியாகா. தமிழகத்துக்கும் இலங்கைக்கும் இடைப்பட்ட கடல் எவ்வாறு உண்டாயிற்று என்பதற்குக் கல்லும் மண்ணும் சான்று கூறுகின்றன. அச்சான்றினை முழுமையாகக் கேட்ட பின்னரே நாம் விடை பகர்தல் தகும்.

மலை ஒருகாலத்திற் சேறு

நமது மலையிலிருந்தே தொடங்குவோம். நுவரெலியாவுக்கும் ஹற்றனுக்கும் இடையே தெருவமைத்தற்காக மலைச் சரிவை வெட்டிய இடங்களில் நின்று பாறையை உற்று நோக்குக. கருமையும் வெண்மையுமான கோடுகள் அலையலையாக நெளிந்து செல்வதைக் காணலாம். இடையிடையே செந்நிறப் புள்ளிகள் மின்னும். அவை கானெற்று என்னும் மணிக்கல்லின் துணுக்குகள். நம் மலைகளிற் பரந்து காணப்படும் இவ்வகைப் பாறைகளுள் ஒன்றைக் கொண்டலைற்று என்பர். அது தொடக்கத்திற் களிமண்ணாய் இருந்தது என்று சொன்னால் வியப்பாக இருக்கும். எனினும் அதுவே உண்மை. களிமண் கொண்டலைற்று ஆயிற்று. மணல் படிகப்பாறை ஆயிற்று. சுண்ணக்கல், மாத்தளை, திகன முதலிய இடங்களில் வெட்டியெடுக்கப்படும் சலவைக்கல் ஆயிற்று.

களியும் மணலும் சுண்ணமும் ஒருங்கே படியுமிடம் கடலடிப் பள்ளமன்றோ? ஆகவே இன்று தேயிலை தழைக்கும் இம்மலைப் பாறைகளுட் பெரும்பகுதி மிகத் தொன்மையான அடையற் பள்ளமொன்றில் நிறைந்திருந்த சேறேயாகும். பின்னர்க் கண்டங்கள் ஒன்றோடொன்று மோதியபோது அப்பள்ளம் நசுங்கி, இருபது கிலோமீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்துக்கு அமிழ்ந்து, கடுவெப்பத்தில் வெந்து உருமாறியது. அது நிகழ்ந்தது இன்றைக்கு ஏறத்தாழ 55 கோடி முதல் 60 கோடி ஆண்டுகளுக்கு முன். அதன்பின் மேலிருந்த சுமை கோடிக்கணக்கான ஆண்டுகளாக அரிக்கப்பட்டுக் கழியவே, அடியிற் கிடந்தது முடியாய் உயர்ந்தது. 2,524 மீற்றர் உயர்ந்து நிற்கும் பீதுருதாலகால மலையும் இவ்வரலாற்றுக்குப் புறம்பானதன்று.

இழுபட்ட நிலம்

அம்மோதலாற் பொருந்திய பெருங்கண்டத்துக்குக் கொண்டுவானா என்று பெயர். நடு இந்தியாவிற் கோண்டு மக்கள் வாழும் நாட்டின் பெயரையே புவிச்சரிதவியலார் அதற்கு இட்டனர். இந்தியா, இலங்கை, மடகாஸ்கர், ஆபிரிக்கா, அந்தாட்டிக்கா, அவுஸ்திரேலியா, தென்னமெரிக்கா ஆகியன அக்காலத்தில் ஒரே நிலமாய் இருந்தன. இதற்குப் பாறைகள் கூறும் சான்று அழகியது. சென்னைக்கு அணித்தான பல்லாவரத்துக் கருங்கல்லுக்குச் சார்ணோக்கைற்று என்று பெயர். கல்கத்தாவிலுள்ள ஜோப் சார்ணோக் என்பாரின் கல்லறைக் கல் அவ்வினத்தது ஆதலின் அவர் பெயரால் அஃது அழைக்கப்படலாயிற்று. அதே இனப் பாறை நமது மலையகத்திலும் உண்டு. பனிமூடிய அந்தாட்டிக்காவில், ஜப்பானியர் 1957 ஆம் ஆண்டில் ஷோவா ஆய்வுநிலையத்தை நிறுவிய லுட்சோ-ஹோல்ம் விரிகுடாப் பகுதிப் பாறைகளும் நமது மலைப் பாறைகளும் உடன்பிறந்தனபோல் ஒத்திருக்கின்றன.

கண்டங்கள் நகர்கின்றன என்று ஜெர்மானிய அறிஞர் அல்பிரட் வெக்னர் 1912 ஆம் ஆண்டிற் கூறியபோது உலகம் நகைத்தது. எவ்விசை அவற்றை நகர்த்துகிறது என்பதற்கு அவரால் தக்க விடை கூற இயலவில்லை. 1960 களிற் கடலடித் தரையை ஆராய்ந்தோர் நடுக்கடல் மலைத்தொடர்களிலே புதிய தரை பிறந்து இருமருங்கும் விலகிச் செல்வதைக் கண்டனர். பூமியின் மேலோடு சில பெருந்தகடுகளாகப் பிளந்து கிடக்கிறது, அத்தகடுகளே கண்டங்களைச் சுமந்து ஆண்டுக்குச் சில சென்றிமீற்றர் நகர்கின்றன என்னும் தகட்டோட்டக் கொள்கை அதன்பின் நிலைபெற்றது.

தகடுகள் விலகும்போது நிலம் உடனே துண்டாகிவிடுவதில்லை. தோட்டத்து வீடுகளில் ரொட்டிக்குப் பிசைந்த மாவை இரு கைகளாலும் பற்றி மெல்ல இழுத்துப் பாருங்கள். அஃது அறுவதற்கு முன் நடுவில் மெலிந்து தாழும். புவியோடும் அவ்வாறே இழுபட்டு மெலிகிறது. ஆயின் அது மாவைப்போல் முழுதும் நெகிழ்வதன்று, மேற்பகுதி விறைத்தது. ஆகவே நெடும்பிளவுகள் தோன்ற, இடைப்பட்ட நிலத்துண்டுகள் படிக்கட்டுப்போற் சரிந்து இறங்குகின்றன. இறங்கியவை பள்ளம், இறங்காது நின்றவை மேடு. இது முதல் தாழ்வு.

இரண்டாம் தாழ்வும் உண்டு. ஓடு மெலிந்த இடத்தில் அடியிலுள்ள வெம்மை மிக்க மென்மூடிப் பாறை மேலெழுந்து அணுகுகிறது. இழுப்பு நின்றபின் அது கோடிக்கணக்கான ஆண்டுகளாக ஆறுகிறது. ஆறுவது சுருங்கும், சுருங்குவது செறிந்து கனக்கும், கனப்பது அமிழும். இவ்விரு தாழ்வுகளையும் கணித முறையில் விளக்கியவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்து டான் மக்கென்சி என்னும் அறிஞர். 1978 ஆம் ஆண்டில் வெளிவந்த அவரது கட்டுரை அடையற் பள்ளங்களை ஆராய்வோர்க்கு இன்றும் அடிப்படை நூல்போல் விளங்குகிறது.

நிரம்ப நிரம்பத் தாழும் பள்ளம்

ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கிக் கொண்டுவானாவின் இப்பகுதி இழுபடலாயிற்று. அந்தாட்டிக்கா ஒருபுறம் விலக, இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையிலும் பிளவுகள் தோன்றின. அவற்றால் உண்டானவையே காவிரி அடையற் பள்ளமும் மன்னார் அடையற் பள்ளமும். தஞ்சை மண்ணின் மேற்பரப்பு பாய் விரித்தாற்போலத் தட்டையாக இருப்பினும் அதன் அடியில் நிலம் மேடும் பள்ளமுமாகவே கிடக்கிறது. அரியலூர்–புதுச்சேரிப் பள்ளம், தரங்கம்பாடிப் பள்ளம், நாகப்பட்டினப் பள்ளம், பாக்கு விரிகுடாப் பள்ளம் எனவும், கும்பகோணம் மேடு, பட்டுக்கோட்டை–மன்னார்குடி மேடு, வேதாரணியம் மேடு எனவும் அவற்றுக்குப் பெயரிட்டுள்ளனர். மண்டபத்திலிருந்து நமது நெடுந்தீவு வரை கடலுக்கடியில் ஒரு மேடு ஓடுகிறது. மேற்பரப்பிற் காவிரி பாய்ந்து அனைத்தையும் மூடிச் சமன் செய்துவிட்டது.

இப்பள்ளங்களில் அடையல் சில இடங்களில் ஐந்து கிலோமீற்றருக்கும் மேல் தடித்துக் கிடக்கிறது. இங்கே ஓர் ஐயம் எழும். அவ்வடுக்குகளுட் பல ஆழமற்ற கடலிற் படிந்தவை என்பதை அவற்றிலுள்ள பவளமும் சிப்பியும் காட்டுகின்றன. ஆழமற்ற கடலில் ஐந்து கிலோமீற்றர்த் தடிப்பு எவ்வாறு படியும்? விடை இது: பள்ளம் முன்னரே ஆழமாகத் தோண்டிவைத்த குழியன்று. மண் படியப் படிய அதன் அடி தாழ்ந்துகொண்டே செல்கிறது. ஆறுகின்ற பாறை ஒருபுறம் அமிழ, படிந்த மண்ணின் பாரம் மற்றொருபுறம் அழுத்துகிறது. மூடை ஏற்ற ஏற்ற நீரில் தாழும் தோணியை ஒத்தது அது.

இவ்வேட்டின் பக்கங்களைத் தமிழகத்திற் சில இடங்களிற் கண்ணாரக் காணலாம். அடிப்பக்கத்தில் நிலத் தாவரங்களின் பதிவுகள் உள்ளன. சிவகங்கைப் பகுதியில் அத்தகைய படிவுகள் உண்டு. இலங்கையிற் புத்தளத்துக்கு அணித்தான தப்போவையிலும் பிளவுகளுக்கிடையே இறங்கிய சிறு பள்ளத்தில் பன்னம் முதலிய தொல் தாவரப் பதிவுகள் கிடைத்துள்ளன. கடல் புகுவதற்கு முன் ஆறும் ஏரியும் இருந்த காலத்தின் நினைவுகள் அவை. அடுத்த பக்கங்களிற் கடல் வருகிறது. திருச்சிக்கு வடக்கே காரை, ஊட்டத்தூர்ப் பகுதிகளில் ஆட்டுக்கடாக் கொம்புபோற் சுருண்ட கடலுயிர் ஓடுகள் கிடைக்கின்றன. கல்லக்குடி என்னும் பெயரை 1953 ஆம் ஆண்டுப் பெயர் மாற்றப் போராட்டத்தால் அறியாத தமிழர் இலர். ஆயின் அவ்வூர்ச் சுண்ணக்கல் ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முந்திய பவளத்திட்டு என்பதை அறிந்தோர் சிலரே. சாத்தனூரில் 18 மீற்றர் நீளமுள்ள மரமொன்று கல்லாய்க் கிடக்கிறது. 1940 ஆம் ஆண்டில் எம். எஸ். கிருஷ்ணன் என்னும் அறிஞர் அதனைக் கண்டு உலகுக்கு அறிவித்தார். கரையில் வளர்ந்த மரம் வெள்ளத்தில் அடிபட்டுக் கடலை அடைந்து சேற்றிற் புதைந்து கல்லாயிற்று.

புதைந்த உயிர்கள் கல்லாவது மட்டுமன்றி எண்ணெயும் வாயுவும் ஆவதுண்டு. காவிரிப் பள்ளத்து நரிமணம் அதற்குச் சான்று. மன்னார்க் கடலில் 2011 ஆம் ஆண்டில் 1,300 மீற்றருக்கும் ஆழமான நீரில் துளையிட்டபோது டொராடோ, பரகூடா என்று பெயரிட்ட இரு கிணறுகளில் இயற்கை வாயு வெளிப்பட்டது. அப்பள்ளத்தின் அடையலுக்கிடையே எரிமலைக் குழம்பு உறைந்த கல்லும் காணப்பட்டது. நிலம் எத்துணை வேதனையுற்றுப் பிளந்தது என்பதற்கு அக்கல்லே சாட்சி.

பிரிய முயன்று பிரியாத தீவு

இழுபட்ட நிலம் எங்கும் முற்றும் பிரிந்துவிடுவதில்லை. அந்தாட்டிக்கா பிரிந்தது, இடையில் ஆழ்கடல் பிறந்தது. மடகாஸ்கர் ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தது. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே தோன்றிய பிளவோ அகலத் தொடங்கி இடையில் நின்றுவிட்டது. மன்னார் வளைகுடாவின் தென்பகுதி ஆழ்ந்தது. வடக்கே பாக்கு நீரிணை ஆழமற்றே இருந்தது. ஆதலின் இன்றும் இந்தியாவும் இலங்கையும் ஒரே தகட்டின்மேல் அமர்ந்து ஒன்றாகவே வடக்கு நோக்கி நகர்கின்றன. அத்தகடு ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவோடு மோதியது, இமயம் எழுந்தது. இமயத்தின் பாரத்தால் அதன் அடிவாரம் வளைந்து தாழ்ந்த மற்றொருவகைப் பள்ளமே கங்கைச் சமவெளி. ஒன்று இழுப்பாற் பிறந்த பள்ளம். மற்றது சுமையாற் பிறந்த பள்ளம். இமயத்து மண் வங்கக் கடலடியில் விசிறிபோற் பரந்து, ஏறத்தாழ மூவாயிரம் கிலோமீற்றர் நீண்டு, இலங்கைக்கும் தெற்கே சென்று படிந்திருக்கிறது.

மலையகத்தார் இவ்விடத்தில் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். திருச்சி, புதுக்கோட்டை, இராமநாதபுரம், தஞ்சை, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து புறப்பட்ட நம் முன்னோர் பலர், பாக்கு நீரிணையைத் தோணியிற் கடந்து மன்னாரில் இறங்கி, அங்கிருந்து காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தனர். வழியில் மாண்டோர் தொகை எழுதி முடியாதது. நிலம் பிரிய முயன்று பிரியாது நின்ற அந்த ஆழமற்ற இடமே அவர்க்குத் துறையாயிற்று. வந்து ஏறிய மலையின் கல்லும், அவர்கள் விட்டுவந்த தென்னாட்டு மலைகளின் கல்லும் ஓரினத்தன என்பதை அவர்கள் அறிந்திலர்.

கடல்கோளும் கண்டமும்

இனி அம்மாணாக்கர் வினாவுக்கு வருவோம். பஃறுளியாறும் குமரிக்கோடும் கடலாற் கொள்ளப்பட்டன என்னும் செய்தி சிலப்பதிகாரத்தில் உண்டு. அழிந்த நிலம் எழுநூற்றுக் காவதம் என்றும், அதில் நாற்பத்தொன்பது நாடுகள் இருந்தன என்றும் உரையாசிரியர் அடியார்க்குநல்லார் எழுதினார். இலெமூரியா என்னும் கண்டமோ தமிழ் நூல் கூறியதன்று. மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் ஒத்த விலங்குகள் காணப்படுதற்குக் காரணம் கூற விழைந்து 1864 ஆம் ஆண்டில் ஸ்கிளேற்றர் என்னும் ஆங்கில விலங்கியலார் கருதிக்கொண்ட கண்டம் அது. நம் அறிஞர் சிலர் பின்னர் இரண்டையும் ஒன்றாக இணைத்தனர். கண்டங்களே நகர்ந்தன என்பது தெளிவான பின் மூழ்கிய கண்டமொன்றைக் கருத வேண்டிய தேவை நீங்கிற்று.

மூழ்கிய நிலம் எவ்வாறிருக்கும் என்பதை அறிய மலையகத்தார் நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. மவுசாகலை நீர்த்தேக்கம் கட்டப்பட்டபோது பழைய மஸ்கெலியா நகர் நீருள் மறைந்தது. கடும் வரட்சியில் நீர் வற்றும்போது பழைய கட்டிடங்களின் சிதைவுகள் வெளிப்படுகின்றன. மூழ்கியது மறைந்து போவதில்லை. அடியில் அவ்வாறே கிடக்கும். குமரிக்குத் தெற்கே கண்டம் ஒன்று மூழ்கியிருப்பின் கண்டப் பாறை அங்கே கிடத்தல் வேண்டும். 1972 ஆம் ஆண்டில் ‘குளோமர் சலஞ்சர்’ என்னும் கப்பல் இந்து சமுத்திரத்திற் பல இடங்களில் துளையிட்டு ஆராய்ந்தது. அதன்பின்னும் ஆய்வுகள் நடந்தன. அச்சமுத்திரத்தின் ஆழ்தரை எரிமலைக் குழம்பு உறைந்த கருங்கல். அதன் ஓடு ஏழு கிலோமீற்றர் அளவே தடித்தது. கண்டத்தின் ஓடோ முப்பத்தைந்து கிலோமீற்றர் தடித்தது. மேலும், மன்னார்ப் பள்ளம் பிளந்தது 13 கோடி ஆண்டுகளுக்கும் முன். மனித இனத்தின் வயது மூன்று இலட்சம் ஆண்டு அளவே. கொண்டுவானா பிரிந்ததைக் கண்டு பாட எப்புலவரும் அன்று இல்லை.

அவ்வாறாயின் கடல்கோள் முற்றும் பொய்யோ? அன்று. ஏறத்தாழ இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன் உலகின் நீர் பெருமளவு பனியாய் உறைந்திருந்தமையால் கடல்மட்டம் இன்றிருப்பதினும் 120 மீற்றர் அளவு தாழ்ந்திருந்தது. அப்போது பாக்கு நீரிணை தரையாய் இருந்தது. குமரிமுனைக்குத் தெற்கேயுள்ள வாட்ஜ் திட்டு என்னும் மீன்வளம் மிக்க ஆழமற்ற கடற்பகுதியும் தரையாய் இருந்தது. பனி உருகக் கடல் ஏறி அந்நிலங்களை மூடிற்று. பாக்கு நீரிணை இறுதியாக மூடப்பட்டு ஏழாயிரம் ஆண்டுகள் அளவே ஆகின்றன. குமரிக்குத் தெற்கே மனிதர் நடந்த நிலம் இருந்ததும் உண்மை. கடல் கொண்டதும் உண்மை. அது கண்டமன்று என்பதும் உண்மை. மூன்றையும் சேர்த்துக் கூறுதலே ஆசிரியர் கடன். நம் இலக்கியத்தின் பெருமை அதன் சொல்லிலும் பொருளிலும் நிற்கிறது. அதனைத் தாங்குதற்கு இல்லாத கண்டமொன்றை முட்டுக்கொடுக்க வேண்டுவதில்லை.

நம் காலத்து அடையல்

பள்ளத்தின் ஏடு இன்றும் எழுதப்பட்டு வருகிறது. மலையின் மண்ணைக் களனி கொழும்புக் கரைக்குச் சுமக்கிறது. மகாவலி 335 கிலோமீற்றர் ஓடித் திருகோணமலைக் கடலிற் சேர்க்க, அங்குள்ள ஆழ்கடற் பள்ளத்தாக்கு அதனை அடியாழத்துக்கு இறக்குகிறது. மலை தேய்தல் இயற்கை நியதி. ஆயின் அதன் இயல்பான வேகம் மிகக் குறைவு. ஆயிரம் ஆண்டுகளில் மூன்று சென்றிமீற்றரை அது மிகுவதில்லை. மேல் மகாவலிப் பகுதியில் நடத்திய ஆய்வொன்று 2003 ஆம் ஆண்டில் வெளிவந்தது. பயிர்செய் நிலங்களில் மண் புதிதாக உண்டாகும் வேகத்தினும் பத்து முதல் நூறு மடங்கு வேகத்தில் அது கழிந்து போகிறது என்று அவ்வாய்வு காட்டிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பிக்காகவும் பின்னர்த் தேயிலைக்காகவும் மலைக்காடு வெட்டப்பட்ட காலந்தொட்டு மண் இவ்வாறு இழக்கப்படுகிறது. நாம் கட்டும் நீர்த்தேக்கங்களும் சிறு அடையற் பள்ளங்களே. 1976 ஆம் ஆண்டில் நிறைவுற்ற பொல்கொல்லை அணையின் தேக்கம் சில ஆண்டுகளுக்குள்ளாகவே மண்ணாற் பெரிதும் தூர்ந்தது.

மண் சிறிது சிறிதாக மட்டும் செல்வதன்று. 2014 ஆம் ஆண்டு ஒக்டோபர் 29 ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து, உழைக்கும் மக்களின் லயங்களை மூடிற்று. இரு நூற்றாண்டு உழைத்தும் காணியுரிமை கிட்டாத மக்களுக்கு, அந்த மண்ணே மேல் விழுந்தது. நிலத்தின் இயல்பறிந்து ஆபத்தான சரிவுகளிலிருந்து குடியிருப்புகளை அகற்றி, உறுதியான இடத்தில் உரிமையோடு காணி வழங்குதல் ஆள்வோர் கடன். மண் பாதுகாப்புச் சட்டம் 1951 ஆம் ஆண்டிலேயே இந்நாட்டில் இயற்றப்பட்டுள்ளது.

ஆசிரியர் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. பெருமழை ஓய்ந்த மறுநாள் மாணாக்கரைத் தோட்டத்துக் கான் ஓரம் அழைத்துச் செல்க. கண்ணாடிக் குவளை ஒன்றிற் கலங்கல் நீரை முகந்து அசையாது வைக்கச் செய்க. முதலில் மணலும், பின்னர் வண்டலும், இறுதியிற் களியும் அடுக்கடுக்காகப் படிவதை ஒரு பகலில் அவர்கள் காண்பர். காவிரிப் பள்ளத்தின் அடுக்குகளும் மன்னார்ப் பள்ளத்தின் அடுக்குகளும் அவ்வாறே படிந்தன என்று கூறுக. அக்குவளையின் அடியிற் கிடக்கும் விரற்கடை மண் உண்டாதற்கு மலை எத்தனை ஆண்டு தேய்ந்தது என்று கணக்கிடச் செய்க. முதற்பொருளாகிய நிலமும் பொழுதும் அக்குவளையில் ஒருங்கே இருக்கும்.